ரோஸ்ட்ரோபோவிச்சின் செல்லோ கான்செர்ட்டோக்கள்: ஒரே ஆள், ஒரே இசை, எத்தனை பதிவுகள்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டு கேட்கும் செயலியில் ரஷ்யச் செல்லோ மேதை ம்ஸ்திஸ்லாவ் ரோஸ்ட்ரோபோவிச் என்று தேடியிருக்கிறீர்கள். செக் இசையமைப்பாளர் த்வொர்ஷாக்கின் செல்லோ கான்செர்ட்டோ மட்டுமே அவர் பெயரில் ஆறேழு வந்து நின்றிருக்கிறது. (செல்லோ என்பது வயலின் குடும்பத்தின் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியம். கான்செர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் இசை.) வாசிப்பவர் ஒருவர், இசையும் ஒன்று. இதில் எல்லோரும் கொண்டாடும் பதிவு எது, அதை மட்டும் கேட்டால் போதாதா என்கிறீர்கள். கர்நாடக சங்கீதம் மட்டுமே கேட்டு வளர்ந்த காது இதைப் பிடித்துக்கொள்ளுமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு ஸ்வரமும் தாளில் எழுதி வைத்த இசை இது. இதற்கு ஒரே வித்வான் பத்து வருடத்துக்கு ஒரு தடவை திரும்ப வந்தால் என்ன மாறிவிடும்? அது விளங்கினால் எதைக் கேட்பது என்பதும் விளங்கிவிடும்.

நான் செல்லோ வாசிக்கிறவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது, அதில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த காலம். ரோஸ்ட்ரோபோவிச்சை நேரில் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. 2007 ஏப்ரலில் மாஸ்கோவில் காலமாகிவிட்டார். நான் சொல்வதெல்லாம் பதிவுகளைக் கேட்டும், அதே இசையை வாசித்துப் பழகியும் தெரிந்துகொண்டது. ஆண்டு, ஊர், ஆர்கெஸ்ட்ராவை யார் நடத்தினார் என்று நான் எழுதுபவை உறுதியானவை. எது மேல், எது அதற்கு அடுத்தது என்பது என் காது சொல்வது. வேறொரு செல்லோ கலைஞர் வேறு மாதிரி சொல்லலாம், அதிலும் தப்பில்லை.

ஒரு கிருதியை எடுத்துக்கொண்ட வித்வான் சங்கதிகளைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிரவல் செய்யலாம். கான்செர்ட்டோவில் அந்த இடம் கிடையாது. சங்கதி உட்பட எல்லாம் எழுதியாகிவிட்டது. வாசிப்பவர் கையில் மிஞ்சுவது வேறு சில விஷயங்கள். ஒரு ஸ்வரத்தைவிட்டு அடுத்ததற்குப் போகும்போது எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது, வில்லை எவ்வளவு அழுத்துவது, விரலின் அசைவு அகலமா குறுகலா, எந்தக் கம்பியில் அந்த ஸ்வரத்தைப் பிடிப்பது, இப்படி. ஒரு மெட்டை மெல்லிய மேல் கம்பியில் சுலபமாக வாசிக்கலாம். அதையே தடிமனான கம்பியில், விரல் பலகையின் மேலே ஏறிப் போய் வாசித்தால் ஸ்வரம் அதேதான், ஆனால் உச்ச ஸ்தாயியில் நெஞ்சிலிருந்து பாடுகிற குரல் வரும். ரோஸ்ட்ரோபோவிச் இந்த இரண்டாவது வழியை மிகவும் விரும்பியவர். அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

செல்லோவுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். வயலினின் குரல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலே எழுந்து போய்விடும். செல்லோ பாடுவது ஆண்குரலின் உயரத்தில். ஆர்கெஸ்ட்ராவின் பெரும்பகுதி ஒலிப்பதும் அங்கேதான். அறுபது எழுபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒற்றைச் செல்லோ அமுங்கிப் போகும். செல்லோவுக்குக் கான்செர்ட்டோ எழுதிய ஒவ்வொருவரும் இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஸ்டுடியோவில் வேலை சுலபம், மைக்கைச் செல்லோவின் பக்கத்தில் வைத்துவிடலாம். புகழ்பெற்ற பல பதிவுகளில் செல்லோ ஆளுயரத்துக்கு எழுந்து நிற்பதில் ஒலிப்பதிவாளரின் பங்கும் உண்டு. அரங்கத்தில் வானொலிக்காகப் பிடித்த பதிவுகளில் செல்லோ அதன் இயல்பான அளவில் இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றையும் இன்னொன்றையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

சரி, த்வொர்ஷாக்குக்கு வருகிறேன். 1894 நவம்பரில் நியூயார்க்கில் எழுதத் தொடங்கி அடுத்த பிப்ரவரியில் முடித்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு, இளமையில் அவர் நேசித்த, பின்னாளில் மனைவியின் அக்காவாக உறவான யோசெஃபினா இறந்துபோகிறார். அதன்பின் கடைசிப் பகுதியின் முடிவைத் திருத்தி எழுதினார். ஆரவாரமாக முடிய வேண்டிய இடத்தில் இசை தயங்கி நிற்கிறது, ஒற்றை வயலின் வந்து செல்லோவோடு சேர்ந்து பாடுகிறது, முதல் பகுதியின் மெட்டு நினைவு போல ஒருமுறை தலைகாட்டுகிறது. பிறகு செல்லோ ஒரே ஸ்வரத்தைப் பிடித்து மெல்ல மெல்லப் பெரிதாக்க, ஆர்கெஸ்ட்ரா அதை வாங்கி முடித்துவைக்கிறது. அந்த இரண்டு மூன்று நிமிடங்களை எப்படி வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். எந்தப் பதிவையும் நான் எடைபோடுவது அந்த இடத்தை வைத்துத்தான்.

ரோஸ்ட்ரோபோவிச் இதை முதலில் பதிவு செய்தது 1952இல், பிராகில், செக் பில்ஹார்மோனிக்கோடு. அவருக்கு வயது 25. நடத்தியவர் வாட்ஸ்லாவ் தாலிக், 1919இலிருந்து 1941வரை அந்த ஆர்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநராக இருந்து அதை வளர்த்தவர். மோனோ பதிவுதான், சத்தம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். ஆனால் அந்த ஆர்கெஸ்ட்ராவின் குழல்கள் இந்த இசையைத் தாய்மொழி பேசுவது போல் பேசும். இளைஞர் ஆனதால் வேகமாகப் பாய்வார் என்று எதிர்பார்ப்போம். அவரோ பெரியவரின் பேச்சுக்குக் காது கொடுத்து, அவர் விடும் இடத்தில் மட்டும் முன்னே வருகிறார். பின்னாளில் அவரிடம் கூடிவந்த இழுத்து நிறுத்தும் பழக்கம் இதில் அநேகமாக இல்லை. 1957இல் லண்டனில் ஏட்ரியன் போல்ட் நடத்த, ராயல் பில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவும் இதே நேர்மையான வகைதான். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

1968இல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு பதிவுகள் உண்டானது பெரிய விஷயம். ஆகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. மறுநாள் 21ஆம் தேதி மாலை, லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், சோவியத் அரசு ஆர்கெஸ்ட்ராவோடு ரோஸ்ட்ரோபோவிச் வாசிக்க வேண்டியிருந்தது த்வொர்ஷாக்கின் கான்செர்ட்டோ. செக் நாட்டின் இசை, படையெடுத்த நாட்டின் கலைஞர்கள். அரங்கத்துக்கு வெளியே போராட்டம், உள்ளே எதிர்ப்புக் குரல்கள். எவ்கெனி ஸ்வெட்லானோவ் நடத்தினார். அந்த வாசிப்பில் ஒரு பதற்றம் இருக்கிறது. வில் கம்பியைக் கடிக்கிற இடங்கள் உண்டு, சுருதி நூலிழை விலகும் இடங்களும் உண்டு. முடிந்ததும் அவர் த்வொர்ஷாக்கின் இசைத்தாளைத் தூக்கிப் பிடித்துச் சபைக்குக் காட்டினார். அன்றைய ஒலிபரப்பு பின்னாளில் குறுந்தட்டாக வந்திருக்கிறது. சம்பவம் தெரிந்ததால்தான் இசை அப்படிக் கேட்கிறதா, அல்லது இசையிலேயே அது இருக்கிறதா என்று என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதை ஒருவராலும் பிரித்துச் சொல்லிவிட முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதம், செப்டம்பரில், பெர்லின் புறநகரான டாலெமில் உள்ள ஏசு கிறிஸ்து தேவாலயத்தில் ஹெர்பர்ட் வான் கராயன் நடத்த, பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு பதிவு. நீங்கள் தேடும் 'எல்லோரும் கொண்டாடும்' பதிவு இதுதான். சைக்கோவ்ஸ்கியின் ரொகோகோ வேரியேஷன்ஸ் இதே இசைத்தட்டில் கூட வரும். இங்கே பதற்றம் எதுவும் கிடையாது. எல்லாம் விரிந்து, மினுமினுத்து, நேரம் எடுத்துக்கொண்டு நடக்கிறது. முதல் பகுதியின் நடுவில், ஆர்கெஸ்ட்ரா அடங்கிய பிறகு செல்லோ அந்த ஆரம்ப மெட்டையே மிக மெதுவாக, துயரமாக மாற்றிப் பாடும், புல்லாங்குழல் ஒன்று கூடவே இழையும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். கராயன் இங்கே பக்கவாத்தியம் வாசிக்கவில்லை. ஆர்கெஸ்ட்ராவும் முதல் கலைஞர்தான். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு அழகு காட்டுகிறார்கள். சில நாள் அது எனக்குத் திகட்டும், சில நாள் வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றும்.

1977இல் கார்லோ மரியா ஜூலினியோடு லண்டனில் செய்தது இன்னும் மெதுவானது. ஒவ்வொரு வாக்கியத்தையும் அடிக்கோடு போட்டுப் படிப்பது போல் இருக்கும். 1985இல் சேஜி ஒஸாவாவோடு பாஸ்டனில் செய்தது அதைவிட இயல்பானது, ஆனால் கையின் வேகம் குறைந்த வயது. இரண்டையும் முதலில் கேட்க வேண்டாம். த்வொர்ஷாக்குக்கு ஒன்றே ஒன்றுதான் என்று நீங்கள் கட்டாயப்படுத்தினால் கராயன் பதிவைக் கேளுங்கள், ஏனென்றால் புதுக் காதுக்கு அதில்தான் எல்லாம் தெளிவாக விழும். நான் வீட்டில் திரும்பத் திரும்ப எடுப்பது தாலிக் பதிவை.

ஆனால் உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் த்வொர்ஷாக்கில் இல்லை. அந்தக் கான்செர்ட்டோவைப் பொறுத்தவரை ரோஸ்ட்ரோபோவிச் பெரியவர்களில் ஒருவர், அவ்வளவுதான். 1937இல் பிராகில் பாப்லோ காஸல்ஸ் செய்த பதிவு இருக்கிறது, 1961இல் பியேர் ஃபூர்னியே செய்தது இருக்கிறது. இரண்டும் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. ரோஸ்ட்ரோபோவிச் இல்லாவிட்டாலும் த்வொர்ஷாக் அந்த இசையை எழுதியிருப்பார். இவர் இருந்ததால் மட்டுமே பிறந்த கான்செர்ட்டோக்கள் வேறு ஒரு வரிசை. அவற்றின் பழைய பதிவுகளில், எழுதியவர் பக்கத்திலேயே இருந்து கேட்க, யாருக்காக எழுதப்பட்டதோ அவரே வாசிக்கிறார். தீட்சிதர் சாகித்யத்தை அவர் சீடர் முதல்முறை பாடியதை நாம் கேட்க முடிந்தால் எப்படி இருக்கும்! அந்தப் பாக்கியம் இந்த இசையில் நமக்குக் கிடைத்திருக்கிறது.

முதலில் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் கான்செர்ட்டோ. மாஸ்கோ இசைக்கல்லூரியில் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் கலையை ரோஸ்ட்ரோபோவிச் படித்தது ஷோஸ்டகோவிச்சிடம்தான். தனக்கு ஒரு கான்செர்ட்டோ எழுத வைப்பது எப்படி என்று ஷோஸ்டகோவிச்சின் மனைவி நீனாவிடம் கேட்டபோது, 'அதைப் பற்றி அவரிடம் வாயே திறக்காதே' என்று அவர் சொன்னதாக ரோஸ்ட்ரோபோவிச் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்தார். 1959 கோடையில் இசைத்தாள் கைக்கு வந்தது. நாலே நாளில் மனப்பாடம் செய்து, ஷோஸ்டகோவிச்சின் கோடை வீட்டுக்குப் போய்ப் பியானோ துணையோடு வாசித்துக் காட்டினார். அந்தக் கடைசிப் பகுதியை வாசித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாலு நாளில் விரல்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதே பெரும்பாடு. மனப்பாடம் அதற்கு அப்புறம்.

அக்டோபர் 4ஆம் தேதி லெனின்கிராடில் மிராவின்ஸ்கி நடத்த அரங்கேற்றம். அடுத்த மாதமே ஷோஸ்டகோவிச் சோவியத் இசையமைப்பாளர் குழுவோடு அமெரிக்கா போயிருந்தபோது, யூஜின் ஆர்மண்டியும் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவும் ரோஸ்ட்ரோபோவிச்சோடு அதைப் பதிவு செய்தார்கள். இசையமைப்பாளர் உடனிருந்தார். அரங்கேறி ஒரு மாதம் சொச்சமே ஆன இசை! நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். முன்னுரை எதுவும் கிடையாது. செல்லோ நாலு ஸ்வரத்தில் ஒரு சின்னத் துண்டைச் சொல்லும், குழல்கள் பதில் சொல்லும். அந்த நாலு ஸ்வரம் முதல் பகுதி முழுக்க விடாமல் துரத்தும். ஆர்கெஸ்ட்ராவில் டிரம்பெட், டிராம்போன் எதுவும் இல்லை, ஒரே ஒரு ஹார்ன் மட்டும். செல்லோ அமுங்கிப் போகும் என்று சொன்னேனே, அதற்கு ஷோஸ்டகோவிச் கண்ட வழி அது. அந்த ஒற்றை ஹார்ன் செல்லோவுக்கு எதிரில் நின்று வழக்காடும், அப்புறம் அதுவே துணையாகும். பிலடெல்பியா பதிவில் அந்த ஹார்னை வாசித்த மேசன் ஜோன்ஸ் செல்லோவுக்குச் சமமாக நிற்கிறார். இரண்டாம் பகுதியின் முடிவில் செல்லோ கம்பியை அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் கண்ணாடி போன்ற ஸ்வரங்களும் செலஸ்டாவின் மணியோசையும் பேசிக்கொள்ளும். பிறகு மூன்றாம் பகுதி முழுக்கச் செல்லோ தனியாகத்தான்.

உங்கள் கர்நாடகக் காதுக்கு வாசல் இந்த மூன்றாம் பகுதிதான் என்று நினைக்கிறேன். ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க, செல்லோ சுமார் ஐந்து நிமிடம் தனியே வாசிக்கிறது. மேலை இசையில் இதற்குக் கேடன்ஸா என்று பெயர். வழக்கமாக வித்தை காட்டும் இடம். இங்கே அது தனி ஆவர்த்தனத்தின் வேலையையும் செய்கிறது, ஆலாபனையின் வேலையையும் செய்கிறது. முந்தைய பகுதியின் மெட்டை எடுத்துத் தனக்குள்ளேயே யோசிப்பது போல் தொடங்கி, நடுவில் கம்பியைக் கையால் மீட்டி நிறுத்தி, மெல்ல மெல்லக் காலத்தைக் கூட்டிக்கொண்டு போய் கடைசிப் பகுதிக்குள் கொட்டிவிடும். காலம் கூடுகிற விதத்தை மட்டும் கேளுங்கள். 1959இல் அவருக்கு வயது 32. அந்த ஏற்றத்தில் எங்கே படி மாறுகிறது என்றே தெரியாது. இதையே 1987இல், அறுபது வயதில், ஒஸாவாவோடும் லண்டன் சிம்பொனியோடும் மறுபடி பதிவு செய்தார். ஒலி நன்றாக இருக்கிறது, கையில் பழைய மின்சாரம் இல்லை. அந்தத் தனிமையின் கனம் மட்டும் கூடியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், எழுதிவைத்த இசையில் என்ன மாறும் என்ற கேள்விக்கு என் விளக்கம் தேவைப்படாது.

கடைசிப் பகுதியைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஸ்டாலினுக்கு மிகவும் பிடித்த 'சுலிகோ' என்ற ஜார்ஜியப் பாட்டின் துண்டு ஒன்று அதில் உருமாறி ஒளிந்திருக்கிறது என்பார்கள். ஷோஸ்டகோவிச் சுட்டிக்காட்டியிராவிட்டால் தனக்கே தெரிந்திருக்காது என்று ரோஸ்ட்ரோபோவிச் சொல்லியிருக்கிறார். அந்தச் சாட்சியத்தை நான் நம்புகிறேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு முழுக் கான்செர்ட்டோவும் இன்ன அரசியல் செய்தி என்று எழுதுகிறவர்கள் அளவுக்கு மீறிப் போகிறார்கள். அது ஊகம்.

ஷோஸ்டகோவிச்சின் இரண்டாம் கான்செர்ட்டோவும் இவருக்காகத்தான். 1966 செப்டம்பர் 25, ஷோஸ்டகோவிச்சின் அறுபதாவது பிறந்தநாளன்று மாஸ்கோவில் ஸ்வெட்லானோவ் நடத்த அரங்கேறியது. அந்த மாலையின் பதிவே கிடைக்கிறது. 1975இல் ஒஸாவாவோடு பாஸ்டனில் செய்த ஸ்டுடியோ பதிவும் நல்லது. இது உள்ளொடுங்கிய இசை, மெதுவாகத் திறக்கும். நடுப்பகுதியில் ஒடெஸா நகரத்தில் வளைய ரொட்டி விற்கும் தெருப்பாட்டு ஒன்று வந்து போகும். முதலாவது பழகி ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

இன்னொரு சோவியத் இசையமைப்பாளரான புரோகோஃபியெவ் கதை வேறு. அவர் 1938இல் முடித்த செல்லோ கான்செர்ட்டோ அரங்கேற்றத்திலேயே எடுபடாமல் போனது. 1947இல் இருபது வயது ரோஸ்ட்ரோபோவிச் பியானோ துணையோடு அதை வாசித்ததைக் கேட்ட புரோகோஃபியெவ், இதைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்றார். பிறகு கோடைகளில் அவர் வீட்டிலேயே தங்கி, செல்லோவில் எது முடியும் எது முடியாது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் பிறந்தது சிம்பொனி-கான்செர்ட்டோ. 1952 பிப்ரவரியில் மாஸ்கோவில் நடந்த முதல் அரங்கேற்றத்தை நடத்தியவர் யார் தெரியுமா? பியானோ மேதை ஸ்வியாடொஸ்லாவ் ரிக்டர். விரலில் அடிபட்டிருந்த சமயம். வாழ்க்கையில் அவர் ஆர்கெஸ்ட்ரா நடத்தியது அந்த ஒருமுறைதான். இதற்கு 1957இல் மால்கம் சார்ஜெண்ட் நடத்திய லண்டன் பதிவைத் தேடுங்கள். நடுப்பகுதியில் பெருவிரலைக் கம்பியில் வைத்துக்கொண்டு மேலே போய்ப் பாயும் இடங்கள் வரும். ஒரு செல்லோ கலைஞர் பக்கத்தில் உட்கார்ந்து, 'இது முடியும், எழுதுங்கள்' என்று சொல்லியிருக்காவிட்டால் அவை தாளில் ஏறியிருக்காது.

ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டெனுக்கும் ரோஸ்ட்ரோபோவிச்சுக்கும் நட்பு உண்டானது 1960 செப்டம்பரில், லண்டனில் ஷோஸ்டகோவிச் கான்செர்ட்டோவை வாசித்த மாலை. ஷோஸ்டகோவிச்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் பிரிட்டென். அதிலிருந்து ஒரு சொனாட்டா, மூன்று தனிச் செல்லோ தொகுப்புகள், செல்லோ சிம்பொனி என்று ஒவ்வொன்றாகப் பிறந்தன. செல்லோ சிம்பொனி 1964 மார்ச்சில் மாஸ்கோவில் பிரிட்டெனே நடத்த அரங்கேறியது. அதே ஆண்டு இங்கிலீஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவோடு பதிவானது. கடினமான இசை. பத்து தடவை கேட்ட பிறகுதான் எனக்கு உள்ளே போக வழி தெரிந்தது. ஆனால் இதே இசைத்தட்டின் மறுபக்கத்தில் ஹைடனின் சி மேஜர் கான்செர்ட்டோ இருக்கிறது. இருநூறு ஆண்டு காணாமல் கிடந்து 1961இல்தான் பிராகில் கையெழுத்துப் படி கண்டெடுக்கப்பட்ட இசை. பிரிட்டென் நடத்துகிறார், கேடன்ஸாவும் அவர் எழுதியதுதான். மூன்றாம் பகுதியை அவர்கள் எடுத்துப் போகும் வேகமும் குதூகலமும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் இழுத்து வந்து உட்கார வைக்கும். இரண்டாவதாகக் கேளுங்கள் என்று நான் சொல்வது இந்த ஹைடனைத்தான்.

1970இல் சில மாத இடைவெளியில் இரண்டு கான்செர்ட்டோக்கள் இவரால் அரங்கேறின: ஜூலையில் பிரான்ஸில் ஆன்ரி டுட்டியேயுடையது, அக்டோபரில் லண்டனில் விடோல்ட் லூடோஸ்லாவ்ஸ்கியுடையது. இரண்டும் 1974இல் பாரிஸ் ஆர்கெஸ்ட்ராவோடு பதிவாகி ஒரே தட்டில் வந்தன. இரண்டாவதை லூடோஸ்லாவ்ஸ்கியே நடத்தினார். அதன் தொடக்கம் விசித்திரமானது. செல்லோ ஒரே ஸ்வரத்தை, நொடிக்கு ஒன்று என்ற கணக்கில், எந்த உணர்ச்சியும் காட்டாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். இடையிடையே மனம் எங்கோ போய்த் திரும்பி வரும். நாலைந்து நிமிடம் கழித்து டிரம்பெட்டுகள் முரட்டுத்தனமாகக் குறுக்கே வந்து விழும். ஒற்றை ஸ்வரத்தில் நின்றுகொண்டு ஒரு கலைஞர் எவ்வளவு செய்ய முடியும் என்பதை நம் காது வேறு யாரையும்விடச் சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

எதற்கெல்லாம் இவரிடம் போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எல்கரின் கான்செர்ட்டோவை இவர் ஸ்டுடியோவில் பதிவு செய்யவில்லை. அதற்கு 1965இல் ஜாக்லின் டூ பிரே, ஜான் பார்பிரோல்லி நடத்தச் செய்த பதிவே போதும். அடுத்த ஆண்டு டூ பிரே மாஸ்கோ போய் ரோஸ்ட்ரோபோவிச்சிடமே பாடம் கேட்டார். ஷூமனுக்கு 1960இல் ரோஷ்டெஸ்ட்வென்ஸ்கியோடு செய்தது நல்ல பதிவு, 1976இல் லெனர்ட் பெர்ன்ஸ்டைனோடு செய்தது எனக்கு மிகையாகப் படுகிறது. வயலின், செல்லோ, பியானோ மூன்றுக்கும் சேர்த்து எழுதிய பெத்தோவனின் மும்மைக் கான்செர்ட்டோவை 1969இல் கராயன், ஓய்ஸ்ட்ராக், ரிக்டர் ஆகியோரோடு செய்தார். அட்டைப் படத்தில் நாலு மேதைகள். ரிக்டருக்கே அந்தப் பதிவு பிடிக்கவில்லை என்று வயதான காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். கேட்டால் ஏன் என்று புரியும்.

அவருடைய வாத்தியத்தைப் பற்றி ஒரு தவறான பேச்சு அடிக்கடி கண்ணில் படுகிறது. 1968 பதிவின் நாதம், பழைய இத்தாலிய வாத்தியச் சிற்பி ஸ்ட்ராடிவாரி செய்த செல்லோவின் நாதம் என்று எழுதுகிறார்கள். 'டூபோர்' என்று பெயர்பெற்ற 1711ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி செல்லோ அவர் கைக்கு வந்தது 1974இல்தான். இதுவரை நான் சொன்ன 50களின், 60களின் பதிவுகள் எதிலும் அது இல்லை. அந்தச் செல்லோவின் உடம்பில் உள்ள பள்ளம் நெப்போலியனின் பூட்ஸ் பட்டது என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. நிரூபணம் கிடையாது. 1974 வேறொரு விதத்திலும் எல்லைக்கோடு. எழுத்தாளர் சோல்ஜெனிட்சினுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்து, அவருக்காக 1970இல் பகிரங்கக் கடிதமும் எழுதியதால் நெருக்கடிக்கு ஆளாகி, அந்த ஆண்டுதான் சோவியத் நாட்டைவிட்டு வெளியேறினார். 1978இல் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 70களின் நடுவில் லண்டனிலும் பாரிஸிலும் பாஸ்டனிலும் இத்தனை பதிவுகள் குவிந்திருப்பது அதனால்தான்.

செயலியில் தேடும்போது ஆண்டை நம்பாதீர்கள். அங்கே போட்டிருப்பது பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டு. 1952 பதிவுக்கு 2011 என்று போட்டிருக்கும். நடத்துநர் பெயரையும் ஆர்கெஸ்ட்ரா பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். தாலிக் என்றால் 1952, போல்ட் என்றால் 1957, கராயன் என்றால் 1968. ஒரு கான்செர்ட்டோவின் பகுதிகளைச் செயலி கலைத்துப் போடாமல் இருக்க, வரிசை மாற்றும் பொத்தானை அணைத்துவிடுங்கள். ஷோஸ்டகோவிச்சில் இரண்டாம் பகுதியிலிருந்து கடைசிவரை இடைவெளியே கிடையாது, நடுவில் விளம்பரம் வந்தால் எல்லாம் கெட்டுவிடும். பழைய மோனோ பதிவுகளைக் காதுக்குள் செருகும் கருவியைவிட அறையில் சின்ன ஸ்பீக்கரில் கேட்பது எனக்கு இதமாக இருக்கிறது.

ஆகவே பிலடெல்பியா ஷோஸ்டகோவிச், அப்புறம் பிரிட்டெனோடு ஹைடன், அதற்கும் பிறகு கராயனோடு த்வொர்ஷாக். ஒரு வாரம் விட்டுத் தாலிக்கோடு அதே த்வொர்ஷாக். அந்தக் கடைசி ஸ்வரத்தை இரண்டிலும் எப்படிப் பிடிக்கிறார், அதற்கு முன்னால் வரும் ஒற்றை வயலினுக்கு எவ்வளவு இடம் விடுகிறார் என்று கேட்டுவிட்டு, உங்களுக்கு எது பிடித்தது என்று இங்கேயே எழுதுங்கள். தாலிக் பதிவின் பக்கம் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.